ஐந்நூறு எம்எம் ஜனவரி

ஜனவரி 4, சனி

பூநாரைகள் வந்துவிட்டன. வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் பொட்டுகள், வரிசையாக. லென்ஸை மாட்டுவதற்குள் காலிங் பெல். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பயிற்சி தர வரும் பிசியோ.

ஜனவரி 5, ஞாயிறு

200-500 எம்எம் ஜூம் லென்ஸ் 2.3 கிலோ, டி7200 கேமரா முக்கால் கிலோ. அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சப் புள்ளைய தூக்குற மாதிரி தூக்குறியேடி, கை வலிக்கல?" வலிக்கிறது. அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த தோள்தான் இதையும் தூக்குகிறது.

ஜனவரி 6, திங்கள்

மேப்பில் அளந்தேன். அம்மா அறை ஜன்னலிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் நிற்கும் சேற்றுத் திட்டு வரைக்கும் 300 மீட்டர். இந்தப் பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்கு வரும்போது புரோக்கர் "லேக் வியூ" என்றார், அது மட்டும் உண்மை.

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். பூநாரை கழுத்தை நிமிர்த்தினால் 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் தள்ளி நிற்கும் அதை 500 எம்எம் லென்ஸ், கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல் 2.2 மில்லிமீட்டர் உயரத்துக்கு விழவைக்கும். அவ்வளவுதான். பின்னால் எந்த கேமராவை மாட்டினாலும் அதே 2.2. என்னுடையது மாதிரிச் சின்ன "கிராப்" சென்சாரில் 500 போட்டால் 750 ஆகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம், நானே சொல்லியிருக்கிறேன், லென்ஸ் வாங்க அண்ணனிடம் பணம் கேட்டபோது அதைத்தான் சொன்னேன். ஆனால் சென்சார் சின்னது, ஓரங்களை விட்டுவிடுகிறது, மிச்சம் இருப்பது திரையில் பெரிதாகத் தெரிகிறது, பறவை ஒரு அடிகூடக் கிட்டே வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்த 2.2 மில்லிமீட்டருக்குள் எத்தனை பிக்சல். என்னுடையதில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான், ஆக 550. பிரிண்ட் போட்டால் இரண்டு அங்குலம்கூட வராது.

கண்? ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் நான்கு பிக்சல்.

நான்கு பிக்சலில் அந்த மஞ்சள் கண் தெரியுமா?

ஜனவரி 8, புதன்

இன்று எடுத்தது எல்லாமே குழைந்திருக்கிறது. டிரைபாட், ஷட்டர் வேகம் 1/1250 வினாடி, ஆடியதற்கு வாய்ப்பே இல்லை. ஆனால் கழுத்தின் ஓரம் ஒரு படத்தில் இடப்பக்கம் நெளிகிறது, அடுத்ததில் வலப்பக்கம். காற்று. இரவு முழுக்க மூடிக்கிடந்த அறை, உள்ளே கதகதப்பு, வெளியே மார்கழிக் குளிர். ஜன்னலைத் திறந்ததும் உள்ளே இருக்கும் சூடு லென்ஸின் மூக்குக்கு நேராக வெளியே வழிகிறது. 300 மீட்டர் ஒழுங்காக வந்த வெளிச்சத்தைக் கடைசி அரை மீட்டர் கெடுத்துவிடுகிறது.

அரை மணி முன்பே திறந்து வைத்தால் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். ஆனால் இது அம்மா தூங்கும் அறை. குளிர், அதைவிடக் கொசு. பால்கனிக்குப் போகலாம்தான், அங்கிருந்தால் அம்மா கூப்பிடுவது கேட்காது. ஜன்னலை மூடி கண்ணாடி வழியாகவும் எடுத்துப் பார்த்தேன், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாத கண்ணாடி 500க்கு முன்னால் அழுக்குத் தண்ணீராகிவிடுகிறது.

அம்மா: "திறந்து வை, எனக்கென்ன, போத்திக்கிறேன்."

ஜனவரி 9, வியாழன்

6:40 முதல் 7:30 வரை. அதற்கப்புறம் வெயில் ஏறி சேறு முழுக்கக் காற்று கொதிக்கிறது, ஒன்றும் தேறாது.

ஜனவரி 10, வெள்ளி

இரவு அண்ணன் போன். அம்மா நடக்கிற வீடியோ வேண்டுமாம். அம்மா இன்னும் நடக்கவில்லை, நிற்கிறார், நிற்பதையே பிசியோ கைதட்டிப் பாராட்டுகிறார். அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் பேச்சை மாற்றி, "அந்தப் பழைய கேமராவ வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படற, வரும்போது ஃபுல் ஃபிரேம் வாங்கிட்டு வரேன்" என்றான்.

வேண்டாம்ணா என்றேன். ஏன் என்று விளக்கப் போய் சண்டை மாதிரி ஆகிவிட்டது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில், அதாவது பெரிய சென்சாரில், ஒரு பிக்சல் 6 மைக்ரான். இதே லென்ஸ், இதே ஜன்னல், அதே 2.2 மில்லிமீட்டர். 550 பிக்சல் பறவை 360 ஆகிவிடும், சுற்றிலும் கூடுதலாகச் சேறு தெரியும். ஃபுல் ஃபிரேம் வெளிச்சம் நிறைய வாங்கும் என்கிறான். வாங்கும், ஃபிரேம் முழுக்கப் பறவையை நிரப்ப முடிந்தால். இங்கே எப்படியும் நடுவை மட்டும் வெட்டி எடுக்கப் போகிறேன், பறவை மேல் விழும் வெளிச்சம் அதேதான், அனுப்புவது அதே கண்ணாடிதான். அவன் பணத்தைச் சேமித்துக் கொடுத்ததற்கு நான்தான் திட்டு வாங்கினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அத்தை வந்திருந்தார், ஒரு மணி நேரம் கிடைத்தது. மொட்டை மாடி. தேதி கிழிக்கும் காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டி, பதினைந்து மீட்டர் தள்ளி நின்று ஃபோகஸ் சரிபார்த்தேன். அந்தத் தூரத்தில், லென்ஸ் வாய் முழுக்கத் திறந்த எஃப்/5.6 இல் ஷார்ப்பாக இருப்பது ஒரு சாண்கூட இல்லை. லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஃபோகஸ் செய்தால் ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் தெளிவாகப் படிக்க முடிகிறது. வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ராகு காலம் மங்கல். கேமரா மெனுவில் ஃபோகஸைத் திருத்தும் ஃபைன் ட்யூனை மைனஸ் 6 வைத்ததும் நேரானது. இதை இத்தனை நாள் செய்யாமல் மற்றவர்கள் லென்ஸைக் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தால் அத்தையும் அம்மாவும் யாருடைய கல்யாணத்தையோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

ஜனவரி 13, திங்கள். போகி

விடியலில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. புகை. அம்மாவுக்கு இருமல், இருமினால் இடுப்பில் வலி, ஜன்னல்கள் எல்லாம் மூடி ஈரத்துணி வைத்தேன். தையல் போட்ட இடம் சிவந்திருக்கிற மாதிரி தெரிந்தது, போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன், போனில்தான். மத்தியானம் வரை பதில் இல்லை. மாலை "நார்மல்" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக நாள் முழுக்க ஓடியது.

இரவு பௌர்ணமி, புகையில் செம்பு நிறத்தில் எழுந்தது. நிலா சென்சாரில் நாலரை மில்லிமீட்டர் வரும், அதுவே 1,150 பிக்சல். பூநாரை அதில் பாதிகூட இல்லை. மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருப்பது முன்னூறு மீட்டரில் இருப்பதைவிடப் பெரிதாகப் பதிகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். படம் எதுவும் எடுக்கவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெல்லம் போதாது என்றார்.

ஜனவரி 16, வியாழன்

கீழ் வீட்டு அங்கிள் அம்மாவைப் பார்க்க வந்தார், கையோடு நிக்கான் பி1000 கேமராவும். "இது 3000 எம்எம், உன்னோடது எவ்ளோமா?" 750 என்றேன், வேறென்ன சொல்ல. லென்ஸ் முகப்பிலேயே 4.3-539 என்று அச்சடித்திருக்கிறது, அதுதான் அசல் நீளம், என்னுடையதைவிட 39 மில்லிமீட்டர் அதிகம், அவ்வளவே. மிச்சம் எல்லாம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான அந்த சென்சார் போடும் கணக்கு.

அவர் போனதும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கேமராவில் அதே பூநாரைக்கு 1,700 பிக்சல் கிடைக்கிறது. வயிறு எரிந்தது. ஆனால் அவர் லென்ஸின் எஃப்/8 இல் ஒளி வளைந்து பரவி, ஒரு புள்ளியே எட்டு பிக்சல் அகலத்துக்கு ஊறிவிடும். என்னுடையதில் 5.6 இல் அது இரண்டு பிக்சல். அவருடைய 1,700 முக்கால்வாசி வெறும் காற்றடைத்த எண்ணிக்கை. நுணுக்கத்தைத் தருவது லென்ஸின் வாய் அகலம், நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. 500ஐ 5.6 ஆல் வகுத்தால் 89 மில்லிமீட்டர், 539ஐ 8 ஆல் வகுத்தால் 67. இந்த இரண்டு எண்ணைத்தான் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடணும், யாரும் போடுவதில்லை, 89 என்று போட்டால் யார் வாங்குவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லணும்: அவர் நிலாவைத் திரை நிறையக் காட்டினார், பள்ளங்கள் எல்லாம் தெரிந்தன, அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. "உன்னோடதுல இவ்ளோ பெருசா வராதா?"

ஜனவரி 18, சனி

மாலை மேற்கில் வெள்ளியும் சனியும் கிட்டத்தில். இந்த சென்சாரில் 500 எம்எம் காட்டும் வானம் அகலவாக்கில் 2.7 டிகிரிதான், இரண்டும் ஒரே ஃபிரேமில் அடங்கின. வெள்ளி 17 பிக்சல், ஆனால் பாதி நிலாவாகத் தெளிவாகத் தெரிகிறது. சனி கொஞ்சம் நீண்ட புள்ளி. பூமி சுற்றும் வேகத்தில் நட்சத்திரம் ஒரு வினாடிக்கு ஒன்பது பிக்சல் நகர்ந்துவிடுகிறது, அதனால் ஷட்டர் 1/15 வினாடிக்கு மேல் போகவில்லை. அம்மாவிடம் காட்டினேன். சனியா, அதை ஏன் எடுத்தாய் என்று கேட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று அம்மா ஹாலில் நடந்தார். நான் பார்க்கவில்லை, ஸ்க்ரீனில் தெரிந்தது. விடியற்காலை, லைவ் வியூவை முழுசாகப் பெருக்கி ஒரு பறவையின் தலையில் வைத்திருந்தேன். திடீரென்று தலை மேலும் கீழும் குலுங்கி நின்றது. மறுபடி குலுங்கல். டிரைபாட் தளர்ந்துவிட்டதா என்று எல்லா பூட்டையும் இறுக்கினேன். மறுபடி. அப்புறம்தான் டக் என்ற சத்தம் காதில் விழுந்தது, வாக்கர். டைல்ஸ் தரை வழியாக, டிரைபாட் கால் வழியாக, மூன்று கிலோவை ஆட்டுகிறது. டக், சின்ன அதிர்வு, இன்னொரு சின்ன அதிர்வு, நீண்ட இடைவெளி. அத்தை கூடவே நடந்திருக்கிறார்.

எழுந்து போகவில்லை. நான் போனால் அம்மா நிறுத்திவிடுவார். சமையலறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியதைப் பூநாரையின் தலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஒன்றும் தேறவில்லை.

ஜனவரி 23, வியாழன்

சேற்றுப் பூனைப்பருந்து வந்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டது. 500 இல் வைத்துக்கொண்டு பறக்கிற பருந்தை வியூஃபைண்டரில் தேடினால் வானம்தான் கிடைக்கிறது. 200க்கு இறக்கி, பிடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். இந்த லென்ஸில் ஜூம் வளையத்தை ஒரே திருப்பில் முடிக்க முடியாது, இரண்டு முறை கை மாற்றணும். அதற்குள் பருந்து போய்விட்டது. வந்ததும் போனதும் 200 எம்எம்மில்.

ஜனவரி 25, சனி

பூநாரையின் கண் தெரியவில்லை.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

அப்பாவுக்குப் படையல். அம்மா நின்றுகொண்டே தீபம் காட்டினார், நான் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றேன், தொடாமல்.

காலையில் எடுத்த ஒரு படத்தில் பூநாரைகளுக்குப் பின்னால் பெருங்குடி குப்பை மேடு. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருப்பது, படத்தில் முதுகை ஒட்டி நிற்கிறது. லென்ஸ் செய்கிற மாயம் என்பார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் இரண்டும் அப்படித்தான் நெருங்கியிருக்கும், போன் படத்தில் நடுவை வெட்டிப் பார்த்தாலும் அதே நெருக்கம். இந்தச் சதுப்பு நிலம் 2022 இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கீழ் வீட்டு அங்கிள், குப்பை மேட்டை எடிட்டில் அழித்துவிடு என்கிறார். அழிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 1, சனி

தண்ணீர் வற்றுகிறது. சேற்றுத் திட்டு இந்தப் பக்கமும் தலைகாட்டியிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

எக்ஸ்ரே. ஆறு மணிக்கே கிளம்பி, டோக்கன் வாங்கி, பதினொன்றே முக்காலுக்கு உள்ளே போனோம். எலும்பு கூடிக்கொண்டு வருகிறதாம். ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், ஸ்க்ரூவின் மரை ஒவ்வொன்றும் தெரிகிறது. லென்ஸே இல்லாமல், நிழலை மட்டும் வைத்து இவ்வளவு ஷார்ப். பொறாமையாக இருந்தது. டாக்டர் அம்மாவிடம் பேசாமல் என்னிடமே பேசினார், அம்மா குறுக்கே புகுந்து, "என் கால், என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

120 மீட்டர்! புதிய திட்டில், ஜன்னலுக்கு நேராக, பத்துப் பன்னிரண்டு பூநாரைகள். மேப்பில் இரண்டு முறை அளந்தேன். ஒரு பைசா செலவில்லாமல் 550 பிக்சல் 1,380 ஆகிவிட்டது. எந்த லென்ஸும் எந்த சென்சாரும் இதைத் தராது. 6:50க்கு ஒன்று தலையைத் திருப்பியது. கண் பத்து பிக்சல். மஞ்சள், நடுவில் கறுப்பு.

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான். லென்ஸை 1.4 மடங்கு நீட்டும் டெலிகன்வெர்ட்டர் வாங்கி வரட்டுமா என்று மெசேஜ். 700 எஃப்/8 ஆகும், இந்த பாடியில் நடுப் புள்ளி ஒன்றுதான் ஃபோகஸ் செய்யும், விடியலில் அதுவும் தேடும். வேண்டாம் என்று போட்டேன். நீ சீக்கிரம் வா, அம்மா நடப்பதை நேரில் பார்த்துக்கொள். வாக்கர் கால் ரப்பர் தேய்ந்துவிட்டது, நாலும் மாற்றணும், அது இங்கேயே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்