அம்மா உயிரோட இருக்காங்கன்னு காட்ட எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு

நவம்பர் வந்தாலே எனக்கு வயித்துல புளியக் கரைக்கும். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல ரிட்டையர் ஆனவர், அவர் போனப்புறம் அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது, அதுக்கு உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும். போன வருஷம் வரைக்கும் அம்மாவே பேங்குக்கு நடந்து வந்து கையெழுத்துப் போட்டுட்டு, வர்ற வழியில கத்திரிக்காய்க்காரர்கிட்ட பேரம் பேசி ஜெயிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க. இந்த பிப்ரவரில ஸ்ட்ரோக். இடது பக்கம் வரல.

80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1லேயே குடுக்கலாம்னு எனக்குத் தெரியாது, அம்மாவுக்கு 82. நவம்பர் கூட்டத்துல போய் மாட்டிக்கிட்டேன்.

பக்கத்து தெரு கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டுடலாம்னாங்க. ஆட்டோக்காரர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தூக்கி உக்கார வச்சு கூட்டிட்டுப் போனா, கடை வாசல்ல மூணு படி, சரி கைரேகை மெஷினை ஆட்டோவுக்கே கொண்டாங்கப்பான்னு சொல்லி அங்கயே வச்சோம். கட்டை விரல் விழல, ஆள்காட்டி விரல் விழல, அறுபது வருஷம் பாத்திரம் தேய்ச்ச கை, ரேகையே இல்ல. ஈரத்துணியால தொடச்சு, கொஞ்சம் தேங்காண்ணெய் தடவி, கடைசியில வலது கை மோதிர விரல்ல விழுந்துச்சு. முக்கால் மணி நேரம். பிரமாண் ஐடின்னு, அதாவது அந்த சர்டிபிகேட்டோட நம்பர், எஸ்எம்எஸ் வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் தங்கச்சி வந்து ரெண்டு மணி நேரம் பாத்துக்கறேன்னா. நிம்மதியா உக்காந்து ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிடணும், அவ்ளோதான் என் ஆசை. மெடிக்கல்ல அம்மாவோட டயாப்பர் எல் சைஸ் இல்லன்னு மூணு கடை ஏறி இறங்கி, கடைசில எம் சைஸே வாங்கிட்டு ஓட்டலுக்குப் போனா, டிபன் ஏழு மணிக்கு மேலதான், காபி மட்டும் தான் இருக்குன்னுட்டாங்க. அழுகை வந்துடுச்சு. ஒரு தோசைக்காகவான்னு கேக்காதீங்க.

ஒரு வாரம் கழிச்சு ஸ்டேட்டஸ் பாத்தா ரிஜெக்ட். ஐடி வந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சது என் தப்பு, பேங்க் பக்கம் ஏத்துக்கிட்டாத்தான் கணக்கு. சென்டர் தம்பி பென்ஷன் வகைல வேலை பாத்தவங்களுக்கான "சர்வீஸ்"னு போட்டுட்டான், அம்மாவுக்கு "ஃபேமிலி"ன்னு இருக்கணும். நானும் ஸ்கிரீனைப் பாக்கல, அம்மா சாயாம பிடிச்சிட்டு நின்னேன். உங்க வீட்டுலயும் ஃபேமிலி பென்ஷன்னா அந்த ஒரு இடத்தை மட்டும் நீங்களே பாத்துடுங்க.

போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக் குடுப்பார்னு எதிர்வீட்டு அக்கா அப்பத்தான் சொன்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆட்டோவே ஏறியிருக்க மாட்டோம். ஆனா மறுபடி விரல்னதும் எனக்கு பயம், அதனால முகத்தை வச்சு போன்லயே பண்றத டிரை பண்ணேன். ரெண்டு ஆப் இறக்கணும், முகத்தை சரிபார்க்க ஆதார் ஃபேஸ் ஆர்டி ஒண்ணு, சர்டிபிகேட் போட ஜீவன் பிரமாண் ஒண்ணு. முதல்ல ஆபரேட்டர்னு நம்ம ஆதார் போட்டு நம்ம மூஞ்சியைக் காட்டணும், அப்புறம்தான் பென்ஷன் வாங்கறவங்களோடது. பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர் நம்பர்), அக்கவுண்ட் நம்பர் எல்லாம் முன்னாடியே ஒரு பேப்பர்ல பெருசா எழுதி வச்சுக்கோங்க, நடுவுல பீரோவைக் குடைய முடியாது.

ஒவ்வொண்ணா படிச்சு டிக் பண்ணிட்டே வந்தேன். மறுமணம் ஆயிடுச்சான்னு ஒரு கேள்வி. சத்தமா படிச்சுட்டேன். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அம்மா பேசறதே குறைவு, குழறும். "ஏன், கேக்கறவன் மாப்ள பாத்துருக்கானா"ன்னு கேட்டுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம், எத்தன மாசம் ஆச்சு அது சிரிச்சு.

அப்புறம் கேமரா முன்னாடி கண்ணை சிமிட்டச் சொல்லுது, அம்மா போட்டோ எடுக்கறாங்கன்னு விறைச்சுப் பாக்குது, சிமிட்டவே இல்ல. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினேன், டியூப்லைட்டை அணைச்சேன், நாலு தடவ ஃபெயில். அஞ்சாவது தடவ "மாப்ள வந்துட்டாரும்மா"ன்னேன், சிரிச்சு கண்ணு மூடித் தெறந்துச்சு, பச்சை வட்டம் முழுசா சுத்தி வந்துடுச்சு.

மூணு நாள் கழிச்சு ஸ்டேட்டஸ்ல ஏத்துக்கிட்டதா காட்டுச்சு. அடுத்த வருஷ காலண்டர் வந்ததும் அக்டோபர் 1ல வட்டம் போட்டு வச்சுட்டேன். எம் சைஸ் பாக்கெட்டை மெடிக்கல்ல திருப்பி எடுக்க மாட்டேனுட்டாங்க, பிரிச்சாச்சாம். பீரோ மேல கெடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.