கேபினட்டுக்குள் ஒரு டிவிடி ரைட்டர்

இந்தக் காலத்தில் யாராவது டிவிடி ரைட்டர் வாங்கி மாட்டுவார்களா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டோக்களுக்காக. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, கிளவுடில் ஒரு பிரதி, எல்லாம் சரிதான். ஆனால் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால், கிளவுட் ஒத்திசைவும் தன் கடமையைச் சரியாகச் செய்து அங்கேயும் அழித்துவிடும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால், அந்த நேரத்தில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி-ஆரில் எழுதி மூடிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, எந்த வைரஸும் அதில் இருக்கும் கோப்பைத் திருத்த முடியாது. ஒரே ஒரு குணம்தான், ஆனால் எனக்கு அது போதும்.

டெஸ்க்டாப் வைத்திருந்தால் உள்ளே மாட்டும் ரைட்டரே நல்லது என்பது என் கட்சி. யுஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர் வசதிதான், ஆனால் அதற்கான மின்சாரம் முழுக்க அந்த ஒரு போர்ட்டிலிருந்து வரவேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் கணக்குப்படி தருவது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க்கைச் சுழலவைத்து லேசரை எரியவிடும்போது அது பத்தாமல் போகலாம். சில ரைட்டர்களுடன் இரண்டு தலை உள்ள கேபிள் வருவது அதனால்தான். உள்ளே மாட்டுவது, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்ளும், இரும்புச் சட்டத்தில் இறுகி உட்காரும், வேகமும் கூடுதல்.

ஒரே சிக்கல், புதிய கேபினட்டுகள் பலவற்றில் ரைட்டர் உட்காரும் ஐந்தேகால் அங்குல இடமே கிடையாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் விசிறியும். வாங்குவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சிஸ்டத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் அதில் போகட்டும், அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். முன்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ரைட்டரை வெளியிலிருந்து உள்ளே தள்ளவேண்டும். பெரும்பாலான கேபினட்டுகளில் உள்ளேயிருந்து வெளியே தள்ளினால் வராது. ஸ்க்ரூ விஷயத்தில்தான் நிறையப் பேர் ரைட்டரைக் காயப்படுத்துகிறார்கள். கேபினட்டுடன் வரும் பையில் இரண்டு விதம் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. ரைட்டருக்கு மரை நெருக்கமாக இருக்கும் எம்3 ஸ்க்ரூ. ஹார்ட் டிஸ்க்குக்கு மரை அகலமானது. முதல் இரண்டு சுற்று விரலாலேயே சுற்ற வரவில்லையா, அது தப்பான ஸ்க்ரூ, ஸ்க்ரூ டிரைவரை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். முகப்பு கேபினட்டுடன் சமமாக வந்த பிறகுதான் முழுதாக இறுக்கவேண்டும்.

கேபிள் இரண்டு. தரவுக்கு 7 பின் உள்ள மெல்லிய சாட்டா, மின்சாரத்துக்கு 15 பின் உள்ள அகலமான சாட்டா. இரண்டின் தலையும் ஆங்கில எல் போல மடங்கிய வடிவம் என்பதால் தலைகீழாகப் போகாது. ஒரு எச்சரிக்கை: சில மதர்போர்டுகளில், போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி இருந்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே செயலிழந்துவிடும். எவை என்று மதர்போர்டு கையேட்டில் போட்டிருக்கும். ரைட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

இதெல்லாம் இப்போது சுலபம். சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ காலத்தில் பட்டையான 40 பின் கேபிள், ஒரே கேபிளில் இரண்டு சாதனம், பின்னால் குட்டி ஜம்பரை வைத்து எது மாஸ்டர் எது ஸ்லேவ் என்று முடிவு செய்யவேண்டும், இரண்டையும் மாஸ்டராக வைத்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். எல்லாம் சரியாக மாட்டியும் ரைட்டர் ஆமையாக நகர்ந்தால், விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தச் சேனல், அதாவது அந்தக் கேபிளின் பாதை, வேகமான டிஎம்ஏவிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கியிருக்கும். தொடர்ந்து சில பிழைகள் வந்தால் எக்ஸ்பியே அப்படி இறக்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப ஏறும். பழைய சிஸ்டத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவலாம்.

விண்டோஸுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே ரைட்டர் தெரியவில்லை என்றால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்படுங்கள். பயாஸில் தெரிந்து, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால், எப்போதோ போட்டு எடுத்த பழைய பர்னிங் மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு மிச்சங்கள் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எழுதும் வேலைக்கு வருவோம். காலி டிஸ்க் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி டிவிடி பிளேயருக்கு ஏற்றபடி எழுதவா என்று. முதல் வழி ஆசை காட்டும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிஸ்க்கில் அப்படிப் போட்ட கோப்பை அழித்தால் பெயர் மறையுமே தவிர இடம் திரும்பக் கிடைக்காது, வேறு பிளேயர்கள் அந்த டிஸ்க்கைப் படிக்காமலும் போகலாம். பாதுகாக்க எழுதுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வழி. அதைவிட, இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளோ லினக்ஸில் கே3பியோ போட்டுக்கொண்டால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு முழு டிஸ்க்கின் நகலை ஒரே கோப்பாக வைத்திருக்கும் ஐஎஸ்ஓவாக இருந்தால் விண்டோஸ் 7 முதல் ரைட் கிளிக்கிலேயே டிஸ்க் இமேஜை எழுதும் வசதி இருக்கிறது. மற்ற கோப்புகளைப் போல ஐஎஸ்ஓவையும் இழுத்துப் போட்டு எழுதினால் அதிலிருந்து கணினி பூட் ஆகாது.

டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் 4.38 வாக்கில்தான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, ஒருவர் ஆயிரத்தால் வகுக்கிறார், இன்னொருவர் 1024ஆல். அந்த 4.38ஐயும் முழுக்க நிரப்பாதீர்கள். டிஸ்க்கில் உள்ளிருந்து வெளிவிளிம்பு நோக்கித்தான் எழுதப்படும், கை படுவதும் கீறல் விழுவதும் விளிம்பில்தான். நான் 4.2க்கு மேல் போவதில்லை.

வேகம்தான் எனக்குத் தீராத வாக்குவாதம். டிவிடியில் 1 எக்ஸ் என்பது விநாடிக்குச் சுமார் 1.38 எம்பி, சிடியில் வெறும் 150 கேபி. 16 எக்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது விளிம்பை நெருங்கும்போது மட்டும் எட்டும் வேகம், உள்பக்கம் அதில் பாதிகூட இருக்காது. முழு டிஸ்க்கை 16 எக்ஸில் எழுத ஆறு நிமிடம் போல ஆகும் என்றால் 8 எக்ஸில் எட்டொன்பது நிமிடம். இந்த இரண்டு மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? அதற்காக மிகக் குறைந்த வேகத்துக்கும் போகவேண்டாம், வேகமாக எழுதுவதற்கென்றே தயாரான டிஸ்க்குக்கு அது ஒத்துவராமல் போகலாம். 8 எக்ஸ் வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

ஒரு காலத்தில் எழுதும்போது மவுஸைத் தொடவே பயப்படுவார்கள். தரவு வருவது ஒரு கணம் நின்றாலும் டிஸ்க் பாழ். 2000 வாக்கில் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் போன்ற நுட்பங்களால், இப்போது ரைட்டர் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரும். இருந்தாலும் பென் டிரைவிலிருந்தோ வைஃபை வழியாகவோ நேராக எழுதாமல் முதலில் உள் டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்வது உத்தமம்.

எழுதியதும் வெரிஃபை. எழுதிய அளவுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் பலர் அந்த டிக்கை எடுத்துவிடுகிறார்கள். சரிபார்க்காத டிஸ்க்கை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முடிந்தால் வேறொரு கணினியில் போட்டும் திறந்து பாருங்கள், எழுதிய ரைட்டருக்கு மட்டும் புரியும் டிஸ்க்குகள் உண்டு.

டிஸ்க்கைக் கையாள்வது பற்றி ஒரு விஷயம். சிடியில் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள், ஆனால் தரவு இருப்பது மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய லாக்கர் பூச்சுக்கு அடியில். மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தரவே போகலாம். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டை ஒட்டி நடுவில் தரவை வைப்பதால் அந்த ஆபத்து குறைவு. எதுவானாலும் மென்மையான மார்க்கர் போதும், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், எடை ஒருபக்கம் இழுத்து டிஸ்க் ஆட்டம் போடும். தரவு பதிவது ஒரு சாயப் படலத்தில் என்பதால் வெயிலும் சூடும் ஆகாது. அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கை நீண்டகாலப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தாதீர்கள், அழிக்க முடியும் என்றால் இவ்வளவு பாடும் எதற்கு.

சோனி 2025 பிப்ரவரியுடன் எழுதும் வகை ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது. டிவிடிகள் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் வாங்குவதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமானவற்றை இரண்டு வெவ்வேறு பிராண்ட் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு தயாரிப்பில் கோளாறு என்றால் மற்றது இருக்கும்.

அப்புறம், ட்ரே வெளியே வராமல் மாட்டிக்கொண்டால் முகப்பை நெம்பாதீர்கள். ரைட்டரின் முகத்தில் குண்டூசி அளவுக்கு ஒரு துளை இருக்கும். கணினியை அணைத்துவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக அழுத்துங்கள், ட்ரே கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம்.