எள்ளளவு நத்தைக்கு ஒரு பெயர்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆனைமலைச் சோலைக்காடு ஒன்றிலிருந்து ஒரு பை இலைச்சருகு அள்ளி வந்தேன். அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்த அளவு அவ்வளவுதான். மொட்டைமாடிக் கொட்டகையில் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தேன். முதலில் பெரிய கண் சல்லடை, அப்புறம் மாவுச் சல்லடை. இரண்டுக்கும் நடுவில் தங்குவதுதான் நமக்கு. அதை வாளித் தண்ணீரில் கொட்டினால் மண் அடியில் போய்விடும், காற்று அடைத்த காலி நத்தை ஓடுகள் மிதக்கும். கூடவே சருகுத்தூளும் மிதக்கும், அதுதான் முக்கால்வாசி. அந்தக் குப்பையை ஈரப் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள், மைக்ரோஸ்கோப்பின் அடியில் அது வந்து நின்றது.

உயரம் 2.1 மில்லிமீட்டர், அகலம் 1.1. எள்ளைவிடச் சின்னது. தேன் நிறம். ஓட்டின் மேல் மெல்லிய விலாக்கள், அதாவது புடைத்த வரிகள், கீழே வர வர இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. வாய்க்குக் கொஞ்சம் முன்னால், யாரோ அரைஞாண் கட்டி இறுக்கிய மாதிரி ஓர் ஒடுக்கம். அந்த ஒடுக்கத்தைப் பார்த்ததுமே டிப்ளோமாட்டினா என்று தெரிந்துவிட்டது. 1849இல் பென்சன் வைத்த பேரினப் பெயர் அது. இந்த நத்தைகளுக்கு வாயை அடைத்துக்கொள்ள ஒரு மூடி உண்டு. ஆண், பெண் தனித்தனி. தோட்டத்தில் பார்க்கிற நத்தைகளுக்கு இந்த இரண்டும் கிடையாது.

பேரினம் தெரிந்துவிட்டது, சரி. இனம்? புதியது என்று சொல்வதற்கு முன்னால், பழையது எதுவும் இதுவல்ல என்று காட்ட வேண்டும். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் அதில்தான் போனது.

தென்னிந்திய நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வைத்தது 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள். பென்சன், பிளான்போர்டு சகோதரர்கள், அப்புறம் சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த பெட்டோம். பாம்பு, பெரணி, நத்தை என்று அந்த மனிதர் எதையும் விடவில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் பழைய சஞ்சிகைகளில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். படிப்பதுதான் கஷ்டம். ஐந்தாறு வரி விவரணை, சிலவற்றில் அதுவும் லத்தீனில். படம் இருந்தால் அதிர்ஷ்டம். கிடைத்த இடம் என்று ஒரு மலையின் பெயர் மட்டும் இருக்கும். ஆனைமலை என்றால் எந்தப் பக்கம், எந்த உயரம்? பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் 1921இல் வந்த, மூடியுள்ள நத்தைகளுக்கான தொகுதிதான் வழிகாட்டி. அதில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டு பெயர்கள் அடிபடாமல் நின்றன. அவற்றின் மூல மாதிரிகள், அதாவது முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த ஓடுகள், லண்டன் அருங்காட்சியகத்தில். எழுதிக் கேட்டேன், அளவுகோலோடு படம் எடுத்து அனுப்பினார்கள். ஒன்றில் விலாக்கள் கடைசி வரை நெருக்கமாகவே இருந்தன. இன்னொன்றுக்கு ஒடுக்கம் வேறு இடத்தில். அன்றைக்கு ராத்திரி என் ஆய்வு வழிகாட்டி சாருக்குப் போன் செய்தேன். "சந்தோஷம்பா. இன்னும் இருபது ஓடு பார்த்துட்டு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே ஓட்டை வைத்துக்கொண்டு விலா இடைவெளியைப் பற்றி யாரும் பேச முடியாது. அடுத்த மழைக்காலம் மறுபடியும் போனேன். கல்லுக்கு அடியிலும் மட்கிய மரத்திலும் உயிரோடு ஐந்து கிடைத்தன, சருகில் காலி ஓடுகள் பதினெட்டு.

இதற்கு நடுவில் நான் செய்த இரண்டு முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். காலி ஓடுகளை மருந்துக்கடையில் வாங்கிய வெற்றுக் கேப்சூலில் போட்டுவைப்பது வழக்கம். நானும் வைத்தேன், மழைக்காலத்து மலை ஈரத்தில். இரண்டு வாரத்தில் கேப்சூல் அல்வா மாதிரி இளகி, நான்கு ஓடுகள் அதில் ஒட்டிக்கொண்டன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மூன்றைப் பிரித்தேன், நான்காவது உடைந்தது. இரண்டாவது மின்விசிறி. மின்சாரம் போன நேரத்தில் ஸ்விட்சை அணைக்காமல் விட்டு, இருப்பதிலேயே அழகான ஓட்டைக் கண்ணாடித் தகட்டில் நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்தது, ஓடு போனது. கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து ஒரு மணிநேரம் தவழ்ந்தேன். மேசைக்காலின் பக்கத்தில் இருந்தது. அதைத்தான் பிறகு ஹோலோடைப் ஆக்கினேன், இந்த இனத்தின் பெயரைத் தாங்கப்போகும் ஒற்றை மாதிரி.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்க ஓட்டின் மேல் தங்கப் பூச்சு பூச வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "விக்கிற விலைக்கு நத்தைக்குத் தங்கமா?" என்றார். ஹோலோடைப்புக்குப் பூசவில்லை, பூசினால் பிறகு எடுக்க முடியாது. கூட இருந்த இன்னொன்றுக்குப் பூசினோம்.

கட்டுரையை அனுப்பிய பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் டிஎன்ஏ கேட்டார். இவ்வளவு சின்ன உடம்பில் ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுப்பது நடக்காது. நத்தையை முழுசாகப் போட வேண்டும், ஓடும் போய்விடும். ஐந்தில் இரண்டை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனால் கேட்டது சரியான கேள்வி.

பெயர் விஷயத்தில்தான் வீட்டிலும் ஆய்வகத்திலும் ஆளாளுக்குக் கருத்து. உன் பேரையே வையேன் என்றாள் தங்கை. விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதி தடுக்கவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும். டிப்ளோமாட்டினா இலக்கணப்படி பெண்பால், அதனால் பெயரடை வைத்தால் அதுவும் பெண்பாலில் வர வேண்டும். பெயர்ச்சொல்லாக வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நான் ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லை எடுத்தேன். அதில் ஒரு ழ இருக்கிறது. லத்தீன் எழுத்தில் மேலே கீழே புள்ளி போட விதி விடாது. அப்படியானால் ழ-வுக்கு zh போடுவதா, வெறும் l போடுவதா? வெளியூர்க்காரன் வாயில் நுழையட்டும், எல் போடு என்றார் சார். அவர் சொல்லி நான் கேட்காத ஒரே விஷயம் இதுதான். அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். விவரணை வெளிவருவதற்கு முன்னால் பெயர் வெளியே போனால் அது விவரணை இல்லாத, செல்லாத வெற்றுப் பெயராகத் திரியும்.

ஹோலோடைப்பை இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் ஒப்படைத்தாயிற்று. புது இனம் கண்டால் அரசு குறித்த இடத்தில் மாதிரி கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. ரயிலில் போகும்போது சட்டைப்பையில் கண்ணாடிக் குப்பி. ராத்திரி முழுக்கக் குப்புறப் படுக்கவில்லை. இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகை என்பதால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கிலும் பதிந்தாயிற்று.

போன வாரம் அச்சுப்படி வந்தது. ழ சரியாக இருந்தது. முதல் படத்தின் அளவுகோலுக்குக் கீழே 1 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். திருத்தி அனுப்பியிருக்கிறேன்.