சோபேயில் யானையும் ஒரு பூப்போட்ட துப்பட்டாவும்

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் பணத்துக்குப் பெயர் புலா. அவர்கள் மொழியில் மழை என்று அர்த்தம். மழையே பெரிய சொத்தாக இருக்கும் அந்த ஊரில் மழைக்காலத்தில் மிருகம் பார்ப்பது கஷ்டம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சரி, சொன்னார்கள். தள்ளுபடி விலை கண்ணை மறைத்துவிட்டது.

துபாயிலிருந்து முதல் முறை குடும்பத்தோடு போனது ஜனவரியில். சோபே தேசியப் பூங்காவை ஒட்டிய கசானேயில், ஜூலையில் கேட்கும் வாடகையில் பாதிக்கு அறை கிடைத்தது. "ஜூலையில் போய்க் காசைக் கொட்டுகிறவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள்" என்று மனைவியிடம் அளந்துவிட்டேன்.

மூன்று நாள் ஜீப்பில் சுற்றிப் புல் பார்த்தோம். நல்ல பச்சைப் புல், ஆள் உயரத்துக்கு. உலகிலேயே அதிக யானைகள் உள்ள நாடு அது, சுமார் 1,30,000 இருக்கும். அதில் எங்கள் பங்குக்குக் கிடைத்தது ஒரு யானையின் வால். வழிகாட்டியைக் கேட்டால், "மழை பெய்தால் காட்டுக்குள் எல்லாக் குட்டையிலும் தண்ணீர். அது ஆற்றுக்கு ஏன் வரப்போகிறது?" என்றார். நியாயம்தான். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்போது தெருக்குழாய்க்கு யார் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்?

பறவைகளைக் குறை சொல்ல முடியாது, அத்தனை நிறம். இம்பாலா மான்களும் புதிதாக ஈன்ற குட்டிகளோடு நின்றன. ஆனால் சிங்கம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப்போன சின்னவன், "அப்பா, இது ஆடு மாதிரியே இருக்கே" என்றான்.

அடுத்த முறை ஜூலை. போகும் வழியில் ஒக்கவாங்கோ, அதே பெயருள்ள ஆறு வந்து பரவும் பெரிய சதுப்பு நிலம். அங்கே இது வெள்ளக் காலம் என்று படித்ததும், மறுபடியும் மழையா என்று வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, தண்ணீர் மட்டும் ததும்புகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கோலா மலைகளில் பெய்த மழை, மாதக்கணக்கில் நடந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. குடகில் பெய்து நமக்கு ஆடிப்பெருக்கு வருகிற மாதிரி. என்ன, இந்த ஆறு கடலுக்குப் போகாமல் அந்தச் சதுப்பிலும் மணலிலுமே முடிந்துவிடுகிறது.

நான் மறந்தது குளிரை. துபாய் வெயிலில் பெட்டி கட்டும்போது மனைவி குரங்குக் குல்லா நான்கு எடுத்து வைத்தாள். "ஆப்பிரிக்காவுக்கா?" என்று சிரித்து எல்லாவற்றையும் வெளியே போட்டேன். அவள் வாதாடவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் மூன்றை மட்டும் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

சோபேயில் விடியற்காலை 10 டிகிரிக்கும் கீழே. கதவு, கண்ணாடி எதுவும் இல்லாத ஜீப். போர்வையும் வெந்நீர்ப் பையும் கொடுத்தார்கள், காதுக்குத்தான் ஒன்றுமில்லை. பல் தந்தியடித்தது. "ஏங்க, இதைக் கட்டிக்கோங்க" என்று தன் பூப்போட்ட துப்பட்டாவை நீட்டினாள். காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் ஆற்றங்கரைக்கு யானைகள் வந்தன. பத்து, இருபது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். எல்லாம் தண்ணீரில் தும்பிக்கையை விட்டபடி நின்றன. ஒரு கிழட்டு யானை மட்டும் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.