கண் நம்பும் கை

மார்ச் 3
மெய்நிகர் (VR) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபோது, மணிக்கட்டோடு முடிந்துவிட்ட இரண்டு கைகள் காற்றில் மிதந்தன. வயிறும் கால்களும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரைதான் தெரிந்தது. கருவியின் கேமராக்கள் விரல்களைத் தொடர்ந்து கவனிக்கின்றன. கால்கள் அவற்றின் பார்வையில் சரியாக விழாததால், பல செயலிகள் கால்களை வரைவதே இல்லை. கால் இல்லாதது என்னை உறுத்தவில்லை. நான் விரலை மடக்கிய பிறகு, அந்தக் கையின் விரல் சற்றே பிந்தி மடங்கியதுதான் உறுத்தியது.

மார்ச் 4
அந்த உறுத்தலுக்கு விளக்கம் பழைய ஆய்வொன்றில் இருக்கிறது. 1998இல் போட்வினிக், கோஹன் என்ற இருவர், ஒருவருடைய கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, அவர் கண்ணெதிரே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில், வருடல் ரப்பர் கையின் மேலேயே படுவதாகப் பங்கேற்றவர்கள் உணர்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தம் கை எங்கே என்று சுட்டச் சொன்னால், சுட்டிய இடம் ரப்பர் கையின் பக்கம் நகர்ந்திருந்தது. இரு வருடல்களும் நேரம் ஒத்துப்போகாவிட்டால் ரப்பர் கை தன் கை என்ற அந்தப் பிரமை தளர்ந்துவிடும். மூளைக்குத் தோற்றத்தைவிட ஒத்த நேரமே பெரிது போலும். தொழில்நுட்பம் நம்மை உடலிலிருந்து பிரிக்கிறது என்ற புலம்பல் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் உடலின் எல்லை எப்போதுமே மூளை போடும் கணக்குத்தான், அந்தக் கணக்கில் கைவைக்கக் கணினி இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது.

மார்ச் 6
இன்று குமட்டல். ஓடுகிறாய் என்று கண் சொல்ல, அசையவில்லை என்று, உடலின் அசைவை உணரும் உட்காது (காதின் உள்பகுதி) மறுத்தது. ஓடும் வண்டிக்குள் புத்தகம் படிப்பவருக்கும் இதே சச்சரவுதான், தலைகீழாக.

மார்ச் 11
நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு என்னை இன்னும் விடவில்லை. மெய்நிகர் அறையில் உயரமான உருவம் பெற்றவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் கறாராக நின்றார்கள். குட்டையான உருவம் பெற்றவர்கள் நியாயமற்ற பங்குக்கும் எளிதில் தலையாட்டினார்கள். எதிரே பேரம் பேசியவருக்கு யாருக்கு எந்த உயரம் தரப்பட்டது என்பதே தெரியாது. ஆகவே பணிந்துபோனது, தம் உருவத்தைத் தாமே பார்த்ததன் விளைவு. அப்படியானால், விளையாட்டிலும் அலுவல் கூட்டத்திலும் நமக்கு இயல்பு உயரம் இதுதான் என்று முன்கூட்டியே நிறுவிவைப்பவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. நான் பயன்படுத்தும் செயலியில் உயரத்தை மாற்றும் அமைப்பு மூன்று பட்டியல்களுக்கு உள்ளே புதைந்து கிடந்தது.