உபுண்டு சர்வரை மேம்படுத்தும்போது பார்க்க வேண்டிய அனுமதிகள்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்துவிட்டதால், பல ஆண்டுகளாக யாரும் கைவைக்காமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் பலவற்றை 22.04-க்கும், அங்கிருந்து 24.04-க்கும் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பிஎச்பி, பைத்தான், டேட்டாபேஸ் பதிப்புகளைத்தான் முதலில் சரிபார்க்கிறார்கள். எந்தப் பயனர் எதைப் படிக்கலாம், எதை ரூட்டாக, அதாவது எல்லா உரிமைகளும் கொண்ட நிர்வாகக் கணக்காக, இயக்கலாம் என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஹோம் கோப்புறை, அதாவது ஒவ்வொரு பயனருக்கும் உரிய சொந்தக் கோப்புறை. 21.04 பதிப்புக்கு முன்பு வரை, புதிய பயனரை உருவாக்கினால் அவருடைய ஹோம் கோப்புறைக்கு 755 என்ற அனுமதி கிடைத்தது. அதாவது சர்வரில் கணக்குள்ள எவரும் அதற்குள் நுழைந்து பார்க்கலாம். 21.04 முதல் அது 750 ஆகிவிட்டது; உரிமையாளரும் அவருடைய குழுவும் தவிர மற்றவர்கள் நுழைய முடியாது. மிக நல்ல மாற்றம் இது. ஆனால் பழைய சர்வரை அப்படியே மேம்படுத்தினால், ஏற்கெனவே உள்ள ஹோம் கோப்புறைகளின் அனுமதி மாறாது. அவற்றை நாமேதான் மாற்ற வேண்டும். புதிய சர்வரை நிறுவித் தளத்தை அங்கே நகர்த்துகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு விதமாக வருகிறது. ஹோம் கோப்புறைக்குள் வைத்த இணையதளம் 'அனுமதி இல்லை' என்ற 403 பிழையைக் காட்டும். கோப்பைப் பார்த்தால் 644 (எல்லோரும் படிக்கலாம்) என்று சரியாகவே இருக்கும். காரணம், ஒரு கோப்பைத் திறக்க அந்தக் கோப்பின் அனுமதி மட்டும் போதாது, அதற்குப் போகும் பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைய அனுமதி வேண்டும். 'நேம்ஐ -எல்' என்ற கமாண்டுக்கு முழுப் பாதையையும் கொடுத்தால், படிப்படியாக ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் காட்டிவிடும். எங்கே தடைபடுகிறது என்பது அதிலேயே தெரியும்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெப் சர்வரின் கணக்கை அந்தப் பயனரின் குழுவில் சேர்ப்பதும் பார்க்கத்தான் பாதுகாப்பானது. உபுண்டுவில் பயனர் உருவாக்கும் கோப்புகளுக்குப் பெரும்பாலும் குழுவும் எழுதலாம் என்ற அனுமதி சேர்ந்தே வருவதால், படிக்க மட்டும் வேண்டியவருக்கு எழுதும் உரிமையும் போய்விடுகிறது. தளத்தை 'சர்வ்' கோப்புறைக்கோ 'வார்' கோப்புறைக்கோ மாற்றிவிடுவதே நேரான வழி. அது முடியாவிட்டால், 'செட்எஃப்ஏசிஎல்' மூலம் வெப் சர்வரின் கணக்குக்கு மட்டும், ஹோம் கோப்புறையைக் கடந்துபோகும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். அங்குள்ள கோப்புகளின் பட்டியலைக்கூட அது பார்க்க முடியாது.

அடுத்தது சூடோ, அதாவது சாதாரணப் பயனர் ஒரு கமாண்டை ரூட்டாக இயக்க உதவும் கருவி. ஒரே ஒரு சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டிய டெவலப்பருக்கு முழு ரூட் உரிமையையும் தூக்கிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த ஒரு கமாண்டை முழுப் பாதையோடும், சேவையின் பெயரோடும் சூடோயர்ஸ் (சூடோவின் அனுமதிகளை வைத்திருக்கும் கோப்பு) விதியாக எழுத வேண்டும். சேவைகளை நிர்வகிக்கும் கமாண்டான 'சிஸ்டம்சிடிஎல்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் சேர்த்து இயக்கலாம் என்று பொருளாகிவிடும். விதியை, அந்தக் கோப்பைத் திருத்துவதற்கென்றே உள்ள விசூடோ வழியாகவே எழுதுங்கள். விதியின் எழுத்தமைப்பில் பிழை இருந்தால், சேமிக்கும் முன்பே அது சொல்லிவிடும்.

படிக்க மட்டுமே கொடுத்த உரிமைகூட ரூட் உரிமையாக மாறக்கூடும் என்பதற்கு, ஒரு சேவையின் நிலையைக் காட்டும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' நல்ல உதாரணம். அதன் வெளியீடு திரையில் அடங்காதபோது, அதைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' நிரல் திறந்துகொள்ளும். அதற்குள் ஆச்சரியக்குறியிட்டு 'எஸ்எச்' என்று அடித்தால், சேவைகளை இயக்கும் மென்பொருளான சிஸ்டம்டியின் 247-க்கு முந்தைய பதிப்புகளில் ரூட் ஷெல்லே, அதாவது எந்தக் கமாண்டையும் ரூட்டாக இயக்கும் இடமே, கிடைத்துவிட வாய்ப்பிருந்தது. 247 முதல், இப்படி உயர்த்தப்பட்ட உரிமையோடு இயங்கும்போது லெஸ்ஸின் அந்த வசதி முடக்கப்படுகிறது. உபுண்டு 20.04-இல் வந்தது சிஸ்டம்டி 245, 22.04-இல் வருவது 249. எந்த விளம்பரமும் இல்லாமல் வரும் இத்தகைய மாற்றங்களுக்காகவே பதிப்பு மேம்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வேன்.

இனி வருவனவற்றில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 2024 ஜூனில் வெளியான சிஸ்டம்டி 256, சூடோவுக்கு மாற்றாக 'ரன்0' என்ற கமாண்டைக் கொண்டுவந்தது. உபுண்டு 25.10-இல், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட 'சூடோ-ஆர்எஸ்' இயல்பான சூடோவாகிவிட்டது. பழைய சூடோவின் எல்லா வசதிகளும் அதில் இல்லை. வேண்டுமென்றே சிலவற்றை விட்டிருக்கிறார்கள். ஆகவே சிக்கலான சூடோயர்ஸ் விதிகள் வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரு சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்த பிறகே மாற வேண்டும்.

மேம்பாட்டுக்கு முன்பு ஒவ்வொரு பயனருக்கும் 'சூடோ -எல் -யூ' (யூ பெரிய எழுத்தில்) கொடுத்து, வருகிற பட்டியலைச் சேமித்து வையுங்கள்; முடிந்ததும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் அப்போதுதான் கண்ணில் படும். அவற்றின் பாஸ்வேர்டைப் பூட்டினால் மட்டும் போதாது. பாஸ்வேர்டு இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி இருந்தால் அவர்கள் இன்னும் உள்ளே வரலாம். 'யூசர்மாட்' மூலம் கணக்கின் காலாவதித் தேதியையே கடந்த தேதியாக்கி, சாவிக் கோப்பையும் நீக்கிவிடுங்கள்.