ஆற்றுக்கு அல்ல, கன்று ஈனும் சமவெளிக்கு

தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளி என்றாலே எல்லோரும் மாரா ஆற்றைத்தான் சொல்கிறார்கள். வைல்டுபீஸ்ட் (மாடு போலிருக்கும் ஒரு மானினம்) மந்தை முதலைகளுக்கு நடுவே நீந்திக் கடப்பதைப் பார்க்க, ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் வடக்கே போக வேண்டும். நாங்கள் பிப்ரவரியில் தெற்கே ந்டுட்டு சமவெளிக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். எனக்குக் கன்றுகளைப் பார்க்க வேண்டும்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த மந்தை அங்கே வந்து ஈனுவதற்குக் காரணம் மண். எரிமலைச் சாம்பல் படிந்து அடியில் இறுகிக் கிடப்பதால் மரங்கள் வேர்விட முடியாது; குட்டைப் புல்தான் முளைக்கும். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதானே. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே சமயத்தில் பிறப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. கீழே விழுந்த கன்று, ஈரம் காயும் முன்பே நடுங்கும் கால்களை ஊன்றி எழுந்து, தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடுமாம்.

சொகுசு சஃபாரி என்று கேட்டால் ஏஜென்ட்கள் முதலில் அனுப்புவது நீச்சல் குளத்தின் படங்களைத்தான். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் காசைத் தனி வண்டியில் போடுவதுதான் சரி என்பது என் கட்சி. கூரை திறக்கும் லேண்ட் குரூசர் முழுக்க நமக்கே என்றால், ஒரு தாய் ஈனும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். மற்றவர்களோடு போனால் யாராவது ஒருவர் “போதும், கிளம்பலாம்” என்பார். அப்புறம், மந்தை போகும் பக்கம் இடம் மாறும் கூடார முகாம். கட்டில், மெத்தை, உள்ளேயே கழிப்பறை எல்லாம் உண்டு. குளிக்க மட்டும், சொன்னால் வெந்நீர் கொண்டுவந்து மேலே தொங்கும் வாளியில் ஊற்றுவார்கள்.

அருஷா நகரிலிருந்து சின்ன விமானம். கேமராவையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத துணிப்பையில். கறுப்பு, கருநீல உடைகள் வேண்டாம். ட்செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். பிளாஸ்டிக் பைகளுக்குத் தான்சானியாவில் 2019 முதல் தடை. கடைசி இரவு ந்கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், 2,200 மீட்டருக்கு மேலே. ஸ்வெட்டர் கட்டாயம்.

விடியற்காலை பலூன் பயணம் மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. கணவருக்கு ரொம்ப ஆசை. ஆனால் பெரும்பாலான கன்றுகள் மதியத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. அந்த வேளையில் நான் மந்தை பக்கத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.